நாற்காலியைச் சுற்றி நடந்தவர்

மலாக்காவில் காஜா பெராங் சாலையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த கலியாணசுந்தரம் 1914இல் பிறந்தவர். மாதமும் தேதியும் அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரி அட்டையில் வயது 43 என்று நான்தான் எழுதினேன். ஐந்தடி நான்கு அங்குலம் உயரம். வாய் ஓயாது. தலைமுறைகளாக மலாய் பேசும் பக்கத்துச் செட்டி கிராமத்தார் வந்தால் மலாயிலும் எங்களிடம் தமிழிலும் பேசிக்கொண்டே கத்தரிப்பார். இருபத்தைந்து வருடத்தில் ஒரே ஒரு காதில்தான் கத்தி பட்டிருக்கிறது என்பார். அந்தக் காதுக்காரரும் தொடர்ந்து அங்கேயேதான் வந்துகொண்டிருந்தார்.

அவருடைய இடது கணுக்காலின் உள்பக்கத்தில் 1954 ஜனவரியில் ஒரு புண் வந்தது. மூன்று வருடமாக ஆறவில்லை. நரம்பு சுருட்டல் என்று ஊரில் சொல்லும் நோய் அது. உண்மையில் சுருண்டு புடைப்பது நரம்பல்ல, காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய். அதிலுள்ள தடுப்புகள் தளர்ந்துவிட்டால் இரத்தம் கீழேயே தங்கிவிடும். தோல் கறுக்கும், பிறகு உடையும். மஞ்சள், வேப்பிலை, சீன வைத்தியரின் கறுப்புப் பூச்சு என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர் எங்களிடம் வந்தார். அப்போது நான் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் டிரஸ்ஸராக இருந்தேன்.

1957 மே 16, வியாழக்கிழமை. டாக்டர் பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மூன்று வழிகளைச் சொன்னார். தொடையில் வெட்டிக் குழாயை உருவி எடுப்பது ஒன்று. அதற்கு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில், நான்கு வாரம் வீட்டில். வெட்டாமல் குழாய்க்குள் ஊசி மருந்து போட்டு அதை வற்றவைப்பது இன்னொன்று. அன்றே வந்து அன்றே போகலாம். மூன்றாவது, ஊசியும் இல்லாமல் கட்டும் நடையும் மட்டும். புண் பெரியதாக இருந்ததால் மூன்றாவதை அவரே தள்ளிவிட்டார்.

கலியாணசுந்தரம் யோசிக்கவில்லை. ஆறு வாரம் கடையை மூடினால் கடை திரும்பக் கிடைக்காது. உஜோங் பாசிரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே கட்டடச் சொந்தக்காரரிடம் அந்த இடத்தை விசாரித்துப் போயிருந்தார். ஊசியே போதும் என்று சொல்லிவிட்டார்.

அவரை நிற்கவைத்துக் குழாய் புடைத்து வந்ததும் டாக்டர் ஊசியைச் செருகினார். பிறகு படுக்கவைத்துக் காலை உயர்த்தி மருந்தைச் செலுத்தினார். மூன்று இடத்தில் போட்டார். பஞ்சு வைத்து, விரலடியிலிருந்து முழங்கால் வரை இழுபடும் துணிக்கட்டை நான் சுற்றினேன். அதற்கு முன் மெல்லிய தாளைப் புண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் அதன் விளிம்பை வரைந்துகொண்டேன். நீளம் ஒன்றே முக்கால் அங்குலம், அகலம் ஒன்றேகால்.

“இப்பவே எழும்பி நடவும்,” என்றார் டாக்டர். “ஒரு நாளைக்கு மூண்டு மைல். நடக்கலாம், படுக்கலாம். ஒரே இடத்தில நிண்டு கொண்டு மட்டும் இருக்கக் கூடாது.”

அடுத்த வியாழன் அவர் மூன்று சக்கர டிரைஷாவில் வந்தார். கால் வீங்கியிருந்தது. புண் அதே அளவு. விசாரித்ததில், ஏழு நாளில் அவர் நடந்தது கழிப்பறை வரை மட்டும்தான் என்று தெரிந்தது.

வீட்டில் அவர் மனைவி சந்திரமதி காலில் கட்டைப் பார்த்ததுமே பாயை விரித்துவிட்டார். மூன்று ஊசி போட்ட உடம்பு, கட்டுப்போட்டு அனுப்பியவர்கள் நடக்கச் சொல்லியிருப்பார்களா, கடைக்கு ஓடத்தான் இந்தப் பொய் என்று முடிவுகட்டிவிட்டார். கருவாடு, கத்தரிக்காய், குளிர்ந்த தண்ணீர் எல்லாம் நிறுத்தப்பட்டன. காலையும் மாலையும் பூண்டு ரசமும் குழைந்த சோறும். செருப்பைத் தேடினால் கிடைக்கவில்லை, அரிசித் தகரத்தில் இருந்தது. நலம் விசாரிக்க வந்த அக்கம்பக்கத்தார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, நோயாளி எழுந்து உட்காரக்கூட விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் சந்திரமதியை உள்ளே கூப்பிட்டார். கோபிக்கவில்லை. கெண்டைச் சதை அசைந்தால்தான் இரத்தம் மேலே ஏறும், படுத்தே கிடந்தால் மருந்து போட்ட இடத்தில் கட்டி வரும் என்று பொறுமையாகச் சொன்னார். சந்திரமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கருவாடு குடுக்கலாங்களா?”

“நடந்து போட்டு வந்தால் குடும்.”

அன்று மாலையே கலியாணசுந்தரம் நடக்கத் தொடங்கினார், மறுநாள் கடையையும் திறந்தார். காஜா பெராங்கிலிருந்து ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருக்கும் பிள்ளையார் கோயில் வரை, அங்கிருந்து ஆற்றுப் பாலம், பிறகு வீடு. நலம் விசாரிக்க வருகிறவர்கள் விடவில்லை. வீட்டுக்கு வந்து அவரைக் காணாமல், சாலையில் பிடித்துக் கூடவே நடந்தார்கள். ஒருநாள் ஏழு பேர் சேர்ந்துவிட, எதிரே வந்த போலீஸ்காரர் என்ன ஊர்வலம் என்று நிறுத்தி விசாரித்தார். கால் ஊர்வலம் என்று கலியாணசுந்தரம் மலாயில் பதில் சொன்னாராம்.

புடைத்த குழாய்கள் ஜூன் முடிவதற்குள் வற்றித் தட்டையாகிவிட்டன. ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் புண் மட்டும் பிடிவாதமாக இருந்தது. ஜூலை 4ஆம் தேதி வரைந்த தாளில் நீளம் ஒன்றரை அங்குலம், அகலம் ஒன்று. ஏழு வாரத்தில் கால் அங்குலம் குறைந்தது போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்டு 29 வரை பார்ப்பது, மூடாவிட்டால் செப்டம்பர் 5ஆம் தேதி ஆபரேஷன். பட்டியலில் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆட்கள் முடிவெட்டமாட்டார்கள், கடைக்கு விடுமுறை. ஜூலை 9, செவ்வாய். அன்று கடையைக் கழுவ சந்திரமதி போனார். செப்டம்பரில் கடை மூடுவதாக இருந்தால் சுத்தமாகவாவது மூடலாம் என்று நினைத்தாராம். சிவப்புச் சிமெண்டுத் தரை. தேய்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கணவரைக் கூப்பிட்டனுப்பினார்.

நாற்காலியைச் சுற்றிலும் தரையில் ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. அது 1939 முதல் இருந்த தேக்கு நாற்காலிக் காலத்துத் தடம். அந்த வட்டத்துக்குள், வலப்பக்கத்தில், சாயம் போய் வெளுத்த இரண்டு திட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் அளவு. அது இப்போதைய நாற்காலியின் தடம். சிங்கப்பூர் போய் 1953 அக்டோபரில் அவர் வாங்கி வந்த இரும்பு நாற்காலி, தோல் மெத்தை வைத்தது, தொட்டால் சுழலும். மலாக்காவில் அப்போது இப்படி மூன்றுதான் இருந்தன என்பது அவர் கணக்கு. அது வந்த பிறகு அவர் ஆளைச் சுற்றி நடப்பதை விட்டுவிட்டார். ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஆளைத்தான் சுற்றினார். அது வந்த மூன்றாம் மாதம் புண் வந்திருக்கிறது.

“இங்க சுத்தி நடந்திருக்கீங்க,” என்றார் சந்திரமதி வட்டத்தைக் காட்டி. பிறகு இரண்டு திட்டுகளையும் காட்டினார். “இங்க மரமா நின்னிருக்கீங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் நடந்துட்டு பகல் முழுக்க நின்னா எப்படிங்க ஆறும்?”

கலியாணசுந்தரத்துக்கு நாற்காலியை விட மனமில்லை. “சுத்தாத நாற்காலிக்கா நான் சிங்கப்பூர் வரைக்கும் போனேன்?” என்று முணுமுணுத்தார்.

“சுத்துனாத்தானே நீங்க நிப்பீங்க,” என்று சொல்லிவிட்டு சந்திரமதி வீட்டுக்குப் போய், கழற்றித் துவைத்து வைத்திருந்த பழைய கட்டுத்துணிகளை எடுத்து வந்தார். நாற்காலியின் கைப்பிடியைச் சுழலாத அடித்தண்டோடு இறுக்கிக் கட்டினார். ஆறு சுற்று. மறுநாள் நான் போய்ப் பார்த்தேன், என் கட்டைவிட ஒழுங்கான கட்டு.

புதன்கிழமை முதல் ஆளாக வந்தவர் நாகூர் மீரான். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் மசாலைக் கடை வைத்திருந்தவர், வாரம் ஒருமுறை முகம் மழிக்க வருவார், கலியாணசுந்தரத்துக்கு அவர் ‘நானா’, அண்ணன் முறை. உட்கார்ந்ததும் வழக்கம்போலக் காலால் தரையை உந்தினார். நாற்காலி அசையவில்லை.

“என்னப்பா கல்யாணம், நாற்காலிக்கும் ஊசி போட்டுட்டியா?”

“ஆமா நானா, அதுக்கும் நரம்பு சுருட்டல்.”

“ரோட்ல போறவன் வர்றவனைப் பாக்கத்தான் நான் வர்றதே. செவத்தைப் பாத்துட்டு உக்காரவா?”

“கண்ணாடியில பாருங்க நானா, எல்லாரும் தெரிவாங்க.”

“தெரிவாங்க, இடதுகைக்காரனாத் தெரிவாங்க,” என்றார் நாகூர் மீரான். ஆனால் எழுந்து போகவில்லை. கலியாணசுந்தரம் அவரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முதல் நாள் தடுமாற்றம்தான். நான்கு வருடப் பழக்கத்தில் கால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்தது. நின்றுவிட்டால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் “நட, நட” என்று குரல் கொடுத்தார்கள். ஒரு தலைக்கு எத்தனை சுற்று என்று பந்தயம் வேறு. நான் மூன்று தலைகளுக்கு எண்ணினேன். 38, 41, 35. மூன்றாமவருக்கு முன்வழுக்கை.

ஜூலை 18 தாளில் நீளம் ஒன்றேகால். ஆகஸ்டு 1இல் முக்கால். டாக்டர் பொன்னுதுரை இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், காரணம் கேட்டார். தரையின் கதையைச் சொன்னதும், “உம்முடைய மனிசியை எங்கட ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்,” என்றார்.

ஆனால் ஆகஸ்டு எளிதாக இல்லை. 31ஆம் தேதி மலாயாவுக்குச் சுதந்திரம். அணிவகுப்புக்குப் போகும் போலீஸ்காரர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், கொடி பிடிக்கிறவர்கள், வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் தலை சீராக வேண்டும். கடையில் காலை ஏழு முதல் இடம் இல்லை. அவ்வளவு நேரம் காலில் நின்றால் புண் திரும்பிவிடுமோ என்று எனக்கே பயம். சந்திரமதி கடையிலேயே ஒரு பாய் போட்டார். ஐந்து தலைக்கு ஒருமுறை கலியாணசுந்தரம் படுத்துக் காலைச் சுவரில் உயர்த்திப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். காத்திருப்பவர்கள் முகம் சுளித்தால் சந்திரமதி ஆளுக்கு ஒரு கிளாஸ் தேநீர் கொடுத்தார். ஆகஸ்டு 22இல் புண் ஒரு துவரம்பருப்பு அளவு.

ஆகஸ்டு 29, வியாழன், காலை 10.40. கட்டைப் பிரித்தேன். மெல்லிய தாளை வைத்தேன். விளிம்பு என்று வரைய எதுவும் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல், சுற்றிலும் பழைய கறுப்பு. டாக்டர் விரலால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் பார்த்தார்.

“ஒப்பரேஷன் வேண்டாம்,” என்றார். “கட்டை மட்டும் ஒரு வருஷத்துக்கு விடாதையும்.”

பட்டியலில் செப்டம்பர் 5க்கு நேராக இருந்த பெயரை நான் கோடிட்டு அடித்தேன். கலியாணசுந்தரம் அந்தக் கோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடையில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நான் புதுக்கட்டின் கடைசிச் சுற்றை முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். மீதியை வாசலில் வைத்துத்தான் முடித்தேன்.

தாழ்வாரத்தில் சந்திரமதியின் குரல் கேட்டது. “கொஞ்சம் மெதுவாப் போங்களேன். எனக்குக் கால் வலிக்குது.”

அன்று இரவு கடை அடைக்கும்வரை கலியாணசுந்தரம் இருபத்தாறு பேருக்கு முடிவெட்டினார். நான் இருபத்துநான்காவது ஆள்.