எடை பார்த்த நாளில் வந்த அதிரசம்

இன்று செக்கப்பில் நர்ஸம்மா திட்டினார். ஏழாம் மாதத்துக்கு என் எடை அதிகமாம். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தொடவே கூடாதாம்.

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு மல்லிகா அக்கா டப்பா நிறைய அதிரசத்தோடு நிற்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அக்காவுக்குக் குழந்தை இல்லை.

"வாணாங்க்கா, நர்ஸம்மா திட்டுறாங்க" என்றேன்.

அக்கா டப்பாவை மூடினார். "எம் மாமியாரு அப்பவே சொல்லிச்சு, நீ செஞ்சு குட்த்தா புள்ளத்தாச்சி வூட்ல வாங்க மாட்டாங்கன்னு."

டப்பாவைப் பிடுங்கி, அங்கேயே நின்று மூன்று அதிரசம் தின்றேன்.

அக்கா முகம் தெளிந்தது. "உன் வளகாப்புக்கு இன்னும் நெறைய சுட்டுக்கினு வர்றேன்."

வளைகாப்புக்கு அவரை அழைக்கக் கூடாதென்று எங்கள் வீட்டில் முடிவாகி ஒரு வாரமாகிறது.

நர்ஸம்மாவை எப்படியாவது சமாளித்துவிடுவேன். அக்காவிடம் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.