இரண்டு சீட்டிலும் சென்னை

பெருமாள் முன்னால் வைத்த இரண்டு சீட்டுகளிலும் நான் 'சென்னை' என்றே எழுதினேன். வீட்டாரையும் ஏமாற்றினேன், பெருமாளையும் ஏமாற்றினேன். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்... எனக்கே விளங்கவில்லை.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் மைசூரில் பல் மருத்துவம் படிக்க வழியில்லை. எனக்குப் பம்பாயிலும் இடம் கிடைத்தது, சென்னையிலும் கிடைத்தது. பின்னால் தாடை அறுவையில் தேர்ச்சி பெற வேண்டுமென்றால் பம்பாய்தான் சரி, சென்னையில் அதற்கு வழியில்லை என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள்.

தாடை அறுவை என்பது என் தங்கை வேதவல்லிக்காக. ஐந்து வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். தாடை மூட்டு இறுகிப்போயிற்று. வாய் ஒரு விரல் நுழையும் அளவுகூடத் திறக்காது. ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சாத்தமுது சாதத்தைப் பல்லிடுக்கில் தள்ளித்தான் உண்பாள். "பொண்ணு மொகத்துல வேத்து மனுஷா கத்தி வைக்க வேண்டாம். நம்ம பையனே படிச்சுண்டு வரட்டும்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவளும் என்னையே நம்பியிருந்தாள்.

ஆனால் பம்பாய் ரொம்ப தூரம் என்று அம்மா அழுதாள். அப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"சும்னே நாம யோசிச்சு என்ன? பெருமாளண்டை கேட்டுடலாம். ரெண்டு சீட்டு எழுதிக் கொண்டா" என்றார்.

எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை அப்படியே துளசி மாடத்து மண்ணில் புதைத்துவிடுவோம். அந்த வழக்கம்தான் எனக்குத் துணிவு தந்தது.

சீட்டை எடுத்தவள் வேதவல்லி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்துப் படித்தாள். அப்பாவிடம் நீட்டினாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? இந்தி தெரியாத பயமா? அம்மாவின் கண்ணீரா? இல்லை... நாளைக்கு இவள் முகத்தில் நானே கத்தி வைக்க வேண்டுமே, கை நடுங்கினால் என்ன ஆவது என்ற பயமா? ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றொன்று. பம்பாய் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே! யார் என்னைத் தின்றுவிடப் போகிறார்கள்?

சென்னையில் படித்துத் திரும்பினேன். சயாஜிராவ் ரோட்டில் பல் பிடுங்குகிறேன், பல்செட்டு கட்டுகிறேன். கைராசிக்காரன் என்று பெயர் வேறு! மேற்படிப்பைப் பற்றி வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. பெருமாள் சித்தம் என்று விட்டுவிட்டார்கள். வேதவல்லிக்கு வரன் என்று ஒருவரும் வந்ததில்லை.

அவள் மட்டும் விடவில்லை. சீட்டு எடுத்த அன்றிலிருந்து அவள் பெருமாளைச் சேவிப்பதில்லை. மார்கழியில்கூடக் கோயில் பக்கம் போவதில்லை. போன வாரம் எனக்குச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தவளிடம் கோயிலுக்கு வரச் சொல்லி அம்மா கெஞ்சினாள். பல்லைத் திறக்காமலே அவள் பதில் சொன்னாள்.

"என் கையாலயே எடுக்க வெச்சு, வேண்டாம்னுட்டாரே... அவர்கிட்ட எனக்கு என்ன பேச்சு?"

சொல்லிவிடத்தான் தலை நிமிர்ந்தேன். சத்தியமாகச் சொல்லிவிடத்தான்...

"அண்ணா என்ன பண்ணுவான், பாவம்" என்று என் இலையில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டாள்.

நான் சாப்பிட்டேன்.