மூன்று நீர்

இரவிச்சந்திரன் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். செயின்ட்-மிஷேலில் எங்கள் மேல்வீட்டுக்காரர். அவரைப் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

மகள் சிவாஜினி ஒரு சீன இளைஞனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது அவர் கத்தவில்லை. சாதகம் கேட்டார். இல்லை என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் கோயிலில் கல்யாணம் என்றால் தகப்பன் இருந்து, மாப்பிள்ளையின் பெயரைத் தன் வாயால் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். அதற்காக அவனைக் கூட்டிவந்தாள். நானும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பேர் என்னவாம்?" மகளிடம்தான் கேட்டார், தமிழில்.

"மியாவ்."

"பூனையோ பிள்ளை? பால் வைக்கட்டே?"

"அப்பா!"

அவனுக்குத் தமிழ் தெரியாது, சிரிப்பு விளங்கியிருக்கும். ஒரு தாளில் தன் பெயரை எழுதிக் காட்டினான்: 淼. நீரைக் குறிக்கும் எழுத்து மேலே ஒன்று, கீழே இரண்டு. கரை தெரியாத நீர்ப்பரப்பு என்று பொருள். சொல்லும்போது குரல் தாழ்ந்து பிறகு உயர வேண்டும். அன்றாட எழுத்தில் அரிது, பெயர்களில்தான் வரும் என்று பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னான். அவன் பிறந்த நேரத்தைக் கணித்தவர் ஐந்து பூதங்களில் நீர் இல்லை என்றாராம். அதை ஈடுசெய்யப் பெற்றோர் வைத்த பெயர்.

சிவாஜினியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களே அப்பா, அவையளும் சாதகம் பாக்கிற ஆக்கள்தான்."

அந்த இடத்தில்தான் அவள் பிழைவிட்டாள்.

"ஓம், பாத்தன். தண்ணி இல்லாத சாதகம். பேரிலை மூண்டு தரம் ஊத்தினாப்போலை நிரம்பிடுமோ? நீ சிங்க ராசி, நெருப்பு. எரிஞ்சு போவாய்."

ஒரு பெயர் குறையை நிரப்புகிறதா, மறைக்கிறதா என்று யோசிக்கலாம். அவர் யோசிக்கவில்லை. குறை என்று ஒன்று கையில் அகப்பட்டது. அவருக்கு அது போதும்.

"ஒருக்காச் சொல்லுங்கோ அப்பா. அவன்ரை பேரை."

"பூனையைக் கூட்டிக்கொண்டு போ."

போனாள். கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை; லொங்குய்யில் ஒரு மண்டபத்தில், பதிவோடு முடிந்தது. அன்று காலை சிவாஜினியின் தாய் புஷ்பராணி சேலை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டார்.

"போறதெண்டால் வீட்டுத் திறப்பை வைச்சிட்டுப் போ," என்றார் இரவிச்சந்திரன்.

மனைவி சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மியாவ் வாசலிலை காரோடை நிக்கிறார்," என்றார் புஷ்பராணி. குரல் தாழ்ந்து, பிறகு உயர்ந்தது. படியிறங்கிப் போனார்.