மண்டபத்துக் காவலும் பித்தளைக் குடமும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர் வெட்டுவது என் வேலை. உலோகத்தில் புள்ளி புள்ளியாக எழுதிப் பழகிய கைக்குள் பேனா நிற்பதில்லை. சிறுவர்கள் படிப்பதற்காக உண்மையான வீரச் செயல்களைத் தொகுப்பதாகவும், பட்டாளத்துக்காரர், சாதாரண ஆள் யாரைப் பற்றியும் எழுதலாம் என்றும், ஆனால் நடந்ததாக இருக்க வேண்டும், பெயர் இருக்க வேண்டும் என்றும் எங்கள் ஊர்க் கிளை நூலகர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

புளி போட்டுத் துலக்கிய பித்தளையில் ஆற்றுத் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வரும், அதை முகர்ந்தால் இன்றைக்கும் எனக்குக் குளிரும். எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் கரையிலேயே இருக்கிறது. படித்துறைக்கு எதிரே, ஆற்றுக்குள் கொஞ்ச தூரத்தில், நான்கு தூண் வைத்த கல்மண்டபம் ஒன்று உண்டு. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்து அதற்குப் போய்விடலாம்.

எங்கள் ஊரில் பெண் எடுத்தவர் மாடசாமி. நாங்குநேரிக்குத் தெற்கே, கிணற்றுத் தண்ணீரையே பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் ஓர் ஊரில் பிறந்து பட்டாளத்தில் சேர்ந்தவர். லீவில் வந்தால் மாமனார் வீட்டில் தங்குவார். பெரியவர்கள் அவரைப் 'பட்டாளத்து மாப்பிள்ளை' என்றார்கள், நாங்கள் 'மிலிட்டரி மாமா' என்றோம். சாயங்காலம் படித்துறையில் எங்களை உட்கார வைத்துக் கதை சொல்வார். சுட்ட கதை, பிடித்த கதை எதுவும் கிடையாது, பனிமலையில் காவல் நின்ற கதைதான் திரும்பத் திரும்ப வரும். "பனி இடுப்பு மட்டும் வந்துட்டு. காலு இருக்கா இல்லையான்னே தெரியல. ஆனா மாத்தாளு வராம எடத்த விட்டு நகரக் கூடாது, கேட்டேளா?" என்று முடிப்பார்.

அந்தக் கதையிலிருந்து எங்களுக்கு ஒரு விளையாட்டு பிறந்தது. மண்டபம் எல்லைச்சாவடி ஆயிற்று, பனைமட்டை துப்பாக்கி ஆயிற்று. எனக்குக் கூச்சம் அதிகம், யாரிடமும் எதிர்த்துப் பேச மாட்டேன். அதனால் மற்றவர்கள் எல்லாரும் அதிகாரிகளாக இருக்க, நான் எப்போதும் காவலுக்கு நிற்பவனாக இருந்தேன். எனக்கு மாற்றாள் முருகன், என் வகுப்புக்காரன்.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மேற்கே பாபநாசத்து மலையில் முந்தின நாளிலிருந்து மழை. முருகன் சாப்பிடப் போனவன் சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணிகளை அள்ளிக்கொண்டு மேலே ஏறி, "ஏலே, தண்ணி ஏறுது, இங்கன வாலே!" என்று கத்தினார்கள். எனக்குக் கேட்டது. நான் நகரவில்லை. பனி இடுப்பளவு வந்தும் அவர் நகரவில்லை, எனக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுதான் வந்திருந்தது.

மண்டபத்துத் தளத்திலேயே முழங்கால் தண்ணீர் ஆனபோது போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் போக வழியில்லை. மட்டையைப் போட்டுவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டேன்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என் அப்பாவும் அம்மாவும் அக்கரையில் நாற்று நடப் போயிருந்தார்கள். மாடசாமி ஓடி வந்ததும் எல்லாரும் அவருக்கு வழிவிட்டார்கள்.

"மாப்ளே, இறங்கும்வே! நேரமாவுது!"

அவர் படியில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்கு நீச்சல் தெரியாதுவே" என்றார்.

"பட்டாளத்துல சோறு மட்டுந்தான் போடுதானுவளோ?" என்று ஒருவர் கேட்க, அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நாஞ் சொன்ன கதையக் கேட்டுத்தான் அவன் அங்கன நிக்கான். கயிறு கெடந்தா கொண்டாங்க" என்றார் மாடசாமி.

தண்ணீர் எடுக்க வந்திருந்த பேச்சியம்மாள் அப்போதுதான் குடத்துத் தண்ணீரைப் படியில் கொட்டினாள். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிறவள். ஆண்கள் நின்றால் தெருவின் மறுபக்கமாகப் போகிறவள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் நீச்சல் பழகுவார்கள், உள்ளே அடைபட்ட காற்று ஆளைத் தாங்கும். அவளும் அப்படிப் பழகியவள்தான், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நீந்தியதில்லை.

"ஏட்டி, ஒனக்கு ரெண்டு புள்ளைய இருக்கு" என்றாள் ஒரு கிழவி.

"இருக்கட்டும் பெரியம்மா. அண்ணே, கயித்த இடுப்புல நல்லாக் கெட்டுங்க."

கரையோடு கொஞ்சம் மேற்கே, தண்ணீர் வரும் பக்கமாகப் போய் அவள் இறங்கினாள். ஆறு இழுத்த இழுப்பிலேயே சாய்ந்து மண்டபத்துப் பக்கம் வந்தாள், ஆனால் தூணுக்கு நான்கு முழம் இருக்கும்போது கயிறு விறைத்து நின்றுவிட்டது. அதன் மறுமுனை கரையில் மருதமரத்தில் கட்டியிருந்தது. மாடசாமி அதை அவிழ்த்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு படி இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் காலால் தடவிப் பார்த்து இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து. கழுத்தில் நின்றார். கயிறு எட்டியது.

நான் தூணை விடவில்லை. அவள் கூப்பிட்டாள், அடித்தாள், அப்போதும் விடவில்லை. கடமை அல்ல, பயம்தான்; ஆனால் மாடசாமி அப்படி நினைக்கவில்லை போலும். தண்ணீருக்கு மேலே தெரிந்த அந்தத் தலை, வாயில் புகுந்ததைத் துப்பிவிட்டுக் கத்தியது: "லே! காவல் மாத்தியாச்சு! எறங்குலே!"

கைகள் தாமாகவே விட்டன.

குடத்தை நான் கட்டிக்கொண்டேன், பின்னாலிருந்து அவள் காலால் உதைத்தாள். குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகள் என் விரல்களில் நெருநெருவென்று பட்டன. கரை நெருங்கும்போது ஒரு சுழலில் குடம் சாய்ந்து காற்றை விட்டது. இரண்டு கையாலும் என்னைப் பிடிக்க அவள் குடத்தை விட வேண்டியதாயிற்று. மாடசாமி கயிற்றைச் சுருட்டி எங்களை இழுத்தார், அவரைக் கரையில் நின்றவர்கள் இழுத்தார்கள்.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பேச்சியம்மாள் முதலில் சொன்னது, "எங் குடம் போச்சே. எங்கப்பா எம் பேரு வெட்டிக் குடுத்த குடம்." மாடசாமிக்குப் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

அடுத்து வந்த குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் மேடை போட்டார்கள். மாடசாமி லீவு முடிந்து போயிருந்தார். தலைமையாசிரியர் என்னை மேடையில் நிறுத்தி, "உன்னைக் காப்பாத்தினது யாரு? சத்தமாச் சொல்லு" என்றார். எல்லாரும் எதை எதிர்பார்த்தார்களோ அதைச் சொன்னேன்: "மிலிட்டரி மாமா." கைதட்டினார்கள். அவருடைய மாமனாருக்குத் துண்டு போர்த்தினார்கள். வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு நின்றிருந்த பேச்சியம்மாள் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு பெயரும் சொல்ல எனக்கு வாய் இருந்தது, தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அந்த வருடத்தோடு என் படிப்பும் நின்றது, மேடையும் நின்றது.

அடுத்த லீவில் மாடசாமி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் அதை வாங்கவில்லை. "மொறத்துல நனைச்ச பீடி எல கெடக்குண்ணே, துண்டுல ஈரம் படும், எடுங்க" என்றாளாம்.

இப்போது மண்டபத்தில் இரண்டு தூண்கள்தான் நிற்கின்றன. படித்துறைக்குக் குடத்தோடு யாரும் வருவதில்லை, ஆற்றில் நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் குறைவு. எங்கள் கடைக்குப் பழைய பித்தளைக் குடங்கள் எடைக்கு வருகின்றன. தராசில் வைக்குமுன் ஒவ்வொன்றின் கழுத்தையும் துடைத்துப் பெயரைப் பார்க்கிறேன். அவளுடையது வந்ததில்லை.

போன மாதம் மாடசாமி அவர் ஊரில் தவறிப்போனார். துட்டி கேட்டுத் திரும்பிய அன்று பேச்சியம்மாளின் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னமும் பீடி சுற்றுகிறாள். புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்கவே எனக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று.

"போடேன். இதுக்கா இம்புட்டு நேரம் முழிச்சலே? அந்த அண்ணன் கழுத்துத் தண்ணியில நின்னதையும் எழுது. அவரு விட்டிருந்தா நான் ஆத்தோட போயி சீவலப்பேரியிலதான் கரை ஏறியிருப்பேன்." நூலை வாயால் கடித்து அறுத்துவிட்டு, "குடம் போனதையும் சேத்து எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். கயிற்றைப் பிடித்து நின்றவர், நீச்சல் தெரியாத மாடசாமி. குடத்தோடு வந்தவள் பெயரை என் விரலில் பட்டபடியே, முன்னெழுத்தோடு எழுதுகிறேன்: மு. பேச்சியம்மாள்.

ஐப்பசி 22, சனிக்கிழமை.