தலைவரின் பனியனை நான் செக்கிங் செய்த கதை

1. முதல் நாள்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்தது. டேபிளில் கொட்டிய இருபது பனியனையும் கண் மூடித் திறப்பதற்குள் பார்த்து முடித்துவிட்டேன். வேகத்தை மெச்சுவார்கள் என்று நிமிர்ந்தால், சூப்பர்வைசர் தங்கமணி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

“உள்பக்கம் திருப்பிப் பாத்தியா அம்மிணி?”

“இல்லீங்க்கா. வெளிய நல்லாத்தானுங்க இருந்துது.”

“வெளிய எல்லாமே நல்லாத்தான் இருக்கும். இருவதையும் மறுபடி பாரு.”

பார்த்தேன். மூன்றில் ஓட்டை, ஒன்றில் தையல் விட்டிருந்தது. இப்போது பிள்ளைகள் குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அறுபதுகளில் எங்கள் கம்பெனியில் அதெல்லாம் கிடையாது. சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவோம். நான் இடது கைக்காரி. என் முடிச்சு எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கம் சாயும், அதிலும் பயத்தில் மூன்று சுற்றுச் சுற்றிவிடுவேன். எந்தப் பனியனைக் காட்டினாலும் அதை ரிஜக்ட் செய்தது சரசுவா இல்லையா என்று கம்பெனியே சொல்லிவிடும்.

2. சாப்பாட்டு நேரத்துப் பார்லிமெண்ட்

மூன்றாவது வருஷம், வடக்கே இருந்து ஒரு தேசியத் தலைவர் நடைப்பயணமாக எங்கள் ஊருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் படித்து வருத்தப்படக் கூடாது. ஒரு நாள் எங்கள் முதலாளி வீட்டில் தங்கல், மறுநாள் காலை பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டைக்கு நடை.

அன்று முதல் தையல் செக்ஷன் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அசல் கட்சி, இன்னொன்று போலிக் கட்சி. யாருக்கும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. தலைவர் சட்டசபையில் என்ன செய்தார், பஞ்சத்துக்கு என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆள் யோக்கியமா, அது தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

அசல் கட்சிக்குத் தலைவன் துரைசாமி, ஓவர்லாக் டெய்லர். எனக்கு மாமன் மகன். எங்கள் இருவருக்கும் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்து, தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. மிஷின் ஓட்டும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

“அவரு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்புடுறாரு, தெரியுமா?” என்றார் துரைசாமி.

“பேப்பர்ல போட்டோ பாத்தனுங்க. ஒரு வேளையில கன்னம் அப்படி வருமுங்களா?” என்றான் போலிக் கட்சியின் ரங்கன்.

“ஊரு ஊரா நடக்கறாரே, அது?”

“எங்கூட்டு எருமைகூடத்தான் ஆத்துக்கும் ஊட்டுக்கும் நடக்குது. கும்புடவா செய்யறோம்?”

நான்கு நாள் இப்படியே சோறு ஆறியது. ஐந்தாம் நாள் துரைசாமி ஒரு முடிவுக்கு வந்தார். பனியன் கம்பெனிக்காரனுக்கு மட்டும்தான் இந்த யோசனை வரும். “வேட்டி சட்டை ஊருக்காகப் போடறது. பனியன் தனக்காகப் போடறது. அதைப் பாத்தா ஆளு தெரிஞ்சு போகும். கிழிஞ்சிருந்தா அசலு, புத்தம் புதுசா இருந்தா போலி” என்றார். ரங்கனும் ஒத்துக்கொண்டான். இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

“அசலா இருந்தா நான் மிஷினை உட்டுப்போட்டு அவரு பொறகாலயே நடந்துருவேன். அவரு எங்க சொல்றாரோ அங்க.”

“தையில கல்யாணமுங்களே?” என்றான் ரங்கன்.

“நாட்டுக்கு முன்னால கல்யாணம் என்னத்துக்கு?”

பக்கத்து வரிசையில் நான் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பனியனைப் பார்த்து வருவது யார் என்ற கேள்வி வந்தது. தலைவர் வருகிற அன்று சமையல் கூடத்துக்குக் காய் நறுக்க செக்கிங் பெண்களை வரச்சொல்லியிருந்தார் முதலாளியம்மா. எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

“சரசு பாத்துச் சொல்லட்டும். அது செக்கிங்ல பொய் சொல்லாது” என்றார் துரைசாமி. என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அது வந்த நேரத்தைப் பாருங்கள்.

3. கொடியில் இரண்டு பனியன்

தலைவர் மத்தியானம் வந்து சேர்ந்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு நான் கத்தரிக்காய்க் கூடையோடு புழக்கடைக்குப் போனேன். கொடியில் இரண்டு பெரிய சைஸ் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று பளபளவென்று புதியது. இன்னொன்றைப் பார்த்தால் அழுகை வரும். தோளில் இரண்டு ஓட்டை, முதுகில் ஒன்று, பக்கத் தையல் ஓரத்தில் விரல் நுழைகிற மாதிரி ஒன்று.

தலைவருக்கும் முதலாளிக்கும் ஒரே பருமன்தான், ஆனாலும் எது யாருடையது என்று யோசிக்கவே இல்லை. பனியன் கம்பெனி முதலாளி ஓட்டைப் பனியன் போடுவாரா? திருப்திப்பட்டுக்கொண்டேன். தொட்டுத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. அவ்வளவு பெரிய மனிதர் உடம்பில் போட்டதை நான் தொடுவதா என்று கூச்சம். தள்ளி நின்று கூடையோடு ஒரு கும்பிடும் போட்டேன்.

அப்புறம்தான் என் நிலைமை உறைத்தது. புதுசு என்று ஒரு சொல் சொன்னால் தை மாதம் கல்யாணம். கிழிசல் என்று சொன்னால் மாப்பிள்ளை நடந்தே போய்விடுவார். கத்தரிக்காயை நறுக்கி நறுக்கித் துவையலுக்கு ஆகிற அளவுக்குப் பொடியாக்கிவிட்டேன். செக்கிங்காரி ஓட்டையைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால் அந்த நாக்கு அதற்கப்புறம் எதற்கு ஆகும்? கேட்டில் காத்திருந்த துரைசாமியிடம் சொன்னேன்.

“கிழிசலுங் மாமா. நாலு எடத்துல.”

அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. ரங்கன் முகம் தொங்கியது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தலைவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு நல்ல பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துவிடும் என்று வாய்விட்டே திட்டினேன்.

4. சிவப்பு நூல்

மறுநாள் காலை, நடைப்பயணம் புறப்படும் நேரம். காய்ந்த துணிகளை என்னை அயர்ன் போடச் சொன்னார் முதலாளியம்மா. அந்தப் பனியன் கடைசியாக வந்தது. கட்டிக்கப் போகிறவரைப் பிடுங்கிக்கொண்டு போகிற பனியன் என்றாலும் அதைச் சுருக்கத்தோடு அனுப்ப மனசு வரவில்லை. உள்பக்கம் திருப்பிப் பெட்டியை வைத்தேன்.

பக்கத் தையல் ஓரத்தில், அந்தப் பெரிய ஓட்டைக்குப் பக்கத்தில், ரோஸ் நிறமாக வெளுத்த ஒரு நூல். மூன்று சுற்று. எதிர்ப்பக்கம் சாய்ந்த முடிச்சு.

“அம்மா, இது யாருதுங்க?”

“உங்க முதலாளியுதுதான். நல்ல பீஸெல்லாம் விக்கறதுக்காம், ரிஜக்ட் பீஸ் இவருக்காம். நான் சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டேன். அந்தப் புதுசுதான் தலைவருது.”

பனியனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். கேட்டுக்கு வெளியே மாலையும் மேளமுமாக ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு துரைசாமி மூன்றாவது வரிசையில் நின்றார்.

“மாமா, நேத்து நாஞ் சொன்னது தப்பு. இது தலைவருது இல்லீங்க, நம்ம முதலாளியுது.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நேத்து பாஸ், இன்னைக்கு ரிஜக்டா? நான் போகக் கூடாதுன்னு சொல்ற. எனக்குப் புரியுது, கண்ணு.”

அந்தக் ‘கண்ணு’வைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே பனியனை உள்பக்கம் திருப்பி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

முதலில் முடிச்சைப் பார்த்தார். அது என்னுடையது என்று தெரிந்தது. அப்புறம் ஓட்டையைப் பார்த்தார், அப்புறம் ஓட்டையை ஒட்டிய தையலை. ஒவ்வொரு டெய்லருக்கும் ஒரு கை உண்டு. அந்தத் தையல் நான்கு விரலுக்கு ஒரு தரம் லேசாக உள்ளே வளைந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தைக்கிறவர்களுக்கு அப்படித்தான் வளையும். முனை மழுங்கிய ஊசியைப் போட்டு ஓட்டினால் தையலோரத்தில் துணி அறுந்து ஓட்டை விழும்.

“இது என்ற தையலு, நான் ஓட்டுனது” என்றார் மெதுவாக.

அதற்குள் வரிசை நின்றுவிட்டது. ஒரு பெண் அழுவதும் ஒரு பனியன் கை மாறுவதும் தெரிந்து தலைவரே திரும்பி வந்தார். தமிழ் தெரிந்த அவருடைய செயலாளர் ரங்கனிடம் விசாரித்தார். ரங்கன் ஒன்று விடாமல் சொன்னான், கன்னத்தைத் தவிர. செயலாளர் வேர்க்க விறுவிறுக்க இந்தியில் எடுத்துச் சொன்னார். தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பனியனை வாங்கி, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து ஏதோ சொன்னார்.

“இதை அவருக்குத் தரலாமா என்று கேட்கிறார். வெயிலில் நடக்கும்போது காற்று வருமாம்” என்றார் செயலாளர்.

முதலாளி நடுங்கிப் போனார். “அய்யோ, அது ரிஜக்டுங்க சாமி. புதுசா ஒரு டஜன் தர்றனுங்க.” தலைவர் கேட்கவில்லை. ஓட்டைப் பனியனை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

துரைசாமி பெட்டியைக் கீழே இறக்கினார். மேளச் சத்தம் பல்லடம் ரோட்டில் தேய்கிற வரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

5. கற்றது

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. தலைவர் அந்தப் பனியனைக் காற்றுக்காக வாங்கினாரா, பார்க்கிறவர்களுக்காக வாங்கினாரா என்று என் வீட்டுக்காரரும் ரங்கனும் இன்னமும் சண்டை போடுகிறார்கள். இரண்டு பேருக்கும் பல் போய்விட்டது, சண்டை போகவில்லை.

இப்போது பேரன் பேத்திகள் போனில் ஒரு தலைவரைக் காட்டி, எவ்வளவு எளிமை பாருங்க அப்பாயி என்கிறார்கள். மறுவாரம் அதே ஆளைத் திட்டுகிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஓட்டையைக் கண்டதும் தள்ளி நின்று கும்பிடாதீர்கள், புதுசைக் கண்டதும் திட்டாதீர்கள். கிட்டப் போங்கள், கூச்சப்படாமல் உள்பக்கம் திருப்புங்கள், எந்த ஊசியில் விழுந்த ஓட்டை என்று பாருங்கள். அதுவே நம் ஊசியாகவும் இருக்கலாம்.

என் வீட்டுக்காரர், தலைவர் கிளம்பிய அன்று மத்தியானமே வேலைக்குத் திரும்பினார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக மிஷினில் ஊசியை மாற்றினார்.