சுழியோடிக்குப் பெயர் வேண்டும் என்றவர்

நிறஞ்சலா மிஸ்ஸின் முதல் வகுப்பை எங்கள் குழுவில் எவரும் மறக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருந்த எங்களுக்கு அவர் விஞ்ஞான வரலாறு படிப்பித்தார். வெள்ளைக்காரர் காலத்தில் மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிகளை ஆராய வந்த ஒருவரின் அறிக்கையைத் திரையில் போட்டு, ஒரு வரியை மட்டும் வாசித்தார்: ‘இந்த இடத்தை ஒரு சுழியோடி எனக்குக் காட்டினான்.’

“காட்டினவனுக்குப் பேர் இல்லையோ?” என்று கேட்டார். “சிப்பிக்கு லத்தீனில பேர் வைக்கத் தெரிஞ்சவருக்குத் தன்ர வள்ளத்தில இருந்த மனிசன்ர பேரைக் கேக்கத் தெரியேல்லை.”

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கடலின் முசலிக் கரையில், மூச்சடக்கி முத்துக் குளிக்கும் சுழியோடிகள் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முத்து போய்விட்டது, அவருடைய ஆட்கள் இப்போது சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிறார்கள். வெளிநாட்டு இதழ்களில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், ஊர் வாசிக்கவேண்டும் என்றே அந்த அறிக்கையைப் பற்றிய புத்தகத்தைத் தமிழில் எழுதினார். அந்த ஆய்வாளரின் அறிக்கையில் உள்ள வரைபடம் சுழியோடிகளின் அறிவுதான் என்று நிறுவுவது அவருடைய நோக்கம். அதற்காகத் தாய்மாமன் செபமாலை என்பவரோடு கடலுக்குப் போனார். கோயில் கோபுரம் எந்தப் பனங்கூடலுக்கு மேல் வந்து நிற்கும்போது வள்ளத்துக்குக் கீழே பார், அதாவது சிப்பியும் சங்கும் கிடக்கும் கடலடித் திட்டு, இருக்கும் என்று மாமா காட்டினார். மிஸ் அதைப் படமாக வரைந்து, ‘காட்டியவர்: செபமாலை’ என்று அச்சிட்டார்.

அந்தக் கரையில் பாரின் அடையாளத்தை ஒரே வள்ளத்தில் போகிறவர்களுக்குள்தான் சொல்வார்கள். வேறு வள்ளத்தில் போகும் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். இது தெரிந்தே வளர்ந்தவர் மிஸ். ஆனால் அவருக்கு அது வரலாற்றுச் சான்று. அவர்களுக்கு அது நாளைய உழைப்பு.

வெளியீட்டு விழாவுக்கு நாங்கள் வான் வண்டியில் புத்தகப் பெட்டிகளோடு போய் இறங்கினோம். கோயிலின் பங்கு மண்டபம் பூட்டியிருந்தது. வாசலில் ஆண்கள் கூடி நின்றார்கள். நடுவில் கதிரையில் இருந்தவர் மீனவர் சங்கத் தலைவர் அமிர்தநாயகம். வாழ்த்துரைக்காக அவருக்கு மட்டும் ஒரு பிரதி முன்கூட்டியே கொடுத்திருந்தார் மிஸ்.

“வாங்கோ ரீச்சர்,” என்றார் எழும்பாமல். “வாழ்த்துரையை இதிலயே சொல்லட்டோ?”

“ஏன் மண்டபத்தைப் பூட்டி வைச்சிருக்கிறியள்?”

“நீங்கள் கடலைத் திறந்து விட்டிட்டியள். மண்டபத்தையாவது நாங்கள் பூட்டுவம் எண்டு பாத்தம்.”

பின்னால் யாரோ கனைத்துச் சிரித்தார்.

“இந்தப் பார் வெள்ளைக்காரன்ர படத்தில ஏற்கனவே இருக்கிறதுதானே,” என்றார் மிஸ்.

“அவன்ர படத்தை வைச்சு ஒருத்தனும் பாரைப் பிடிக்கேலாது. உங்கட படத்தை என்ர மருமோனிட்டக் குடுத்தனான். நேரே போய் நங்கூரம் போட்டவன். அவன் தையல்காரன், ரீச்சர். நீந்தவும் தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸின் முகம் வெளிறியது. அவருடைய வரைபடம் சரி என்று அதைவிட நன்றாக யாரும் நிரூபித்திருக்க முடியாது.

“இனி வெளியாக்கள் சிலிண்டர் கட்டிக்கொண்டு வந்து பாரை வழிச்சுத் துடைப்பாங்கள். ஆரிட்டப் போய்க் கேக்கிறது? உங்கட மாணவரிட்டயோ?”

மிஸ் சவர பிளேட் வாங்கிவரச் சொன்னார். மண்டபப் படியில் குந்தியிருந்து முதல் பிரதியைத் திறந்து, வரைபடப் பக்கத்தை அடியோடு வெட்டினார்.

“மிஸ், அது இல்லாட்டி உங்கட வாதம் நிக்காதே,” என்றேன்.

“நிக்காது. மற்றப் பெட்டியை உடையுங்கோ.”

வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் செபமாலை வந்தார். பூசையில் அவர் இருக்கும் வாங்குப் பலகையில் ஒரு கிழமையாக அவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை என்று பிறகு அறிந்தோம். ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார்.

“படத்தை வெட்டிப்போட்டாய். முகவுரையில என்ர பேர் நிக்குது.”

“அதுக்காகத்தானே மாமா நான் இவ்வளவும் எழுதினனான்.”

“பாரைக் காட்டிக் குடுத்தவன் செபமாலை எண்டு என்ர பேரப்பிள்ளையும் வாசிக்கோணுமோ? நான் உனக்குக் காட்டினனான் பிள்ளை. புத்தகத்துக்கு இல்லை.”

“பேர் போடாட்டி எனக்கும் அந்த வெள்ளைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?”

“அவன் பேர் கேக்காமல் போனபடியால் காட்டினவன் ஊருக்குள்ள தலை நிமிந்து சீவிச்சான். நீ கேட்டுப்போட்டாய்.”

 

மிஸ் கறுப்புப் பேனையால் மாமாவின் பெயரை அழித்தார். அதற்கு மேலே, எங்களுக்குக் கரும்பலகையில் எழுதும் அதே உருண்டை எழுத்தில், ‘ஒரு சுழியோடி’ என்று எழுதினார். அடுத்த பிரதியை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார்.

முடிந்ததும் நான் அமிர்தநாயகத்தைப் பார்த்தேன்.

“திறக்கிறம் எண்டு நாங்கள் சொல்லேல்லையே,” என்றார். மண்டபப் பூட்டின் திறப்பு அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது.

பெட்டிகளை மறுபடி வான் வண்டியில் ஏற்றினோம். செபமாலை உதவிக்கு நின்றார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு பிரதியையும் திறந்து, வெயிலில் பிடித்து, தன் பெயர் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் அதை எங்கள் கையில் தந்தார்.