இரவல் மெட்டி

ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அந்தச் சாலையில் வேகத்தடைகள் அதிகம். ஒவ்வொன்றிலும் பஸ் ஏறி இறங்கும்போது அடிவயிற்றில் இடது பக்கம் யாரோ கொக்கி போட்டு இழுப்பதுபோல் இருக்கும். நடந்தாலும் வலிக்கும். ஆனால் நடக்கும்போது வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளலாம்.

கவருக்குள் இருந்தது, எல்லாம் நார்மல் என்கிற ரிப்போர்ட். அது மூன்றாவது. முதலாவது ஓசூரில், அடுத்தது அம்பத்தூரில். மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்தது. தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வயிற்றின் மேல் சில்லென்று பசையைத் தடவி, மேலாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார்கள். ஆவடியில் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்த அம்மா மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார். "ஒரு கல்யாணம் ஆயிட்டா சரியாயிடும்மா. நிறைய பேருக்கு இப்படித்தான்."

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் அம்மா நாற்பது வயதுக்குள் வயிறு வீங்கிச் செத்துப்போனாள். அது என்ன நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வயிற்றில் இருப்பதும் அதுதானா?

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்கப்புறம் திருப்பூரில் துணி செக்கிங், ஓசூரில் பாகங்களைப் பொருத்துகிற லைன் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் கேன்டீன், அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங். ஒரு இடத்தில் நிற்காதவள் என்று எனக்குப் பெயர். மாதத்தில் நாலு நாள் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது. முதல் மாதம் காய்ச்சல் என்பேன். இரண்டாவது மாதம் சொந்தத்தில் சாவு என்பேன். மூன்றாவது மாதம் என்ன சொன்னாலும் சூப்பர்வைசர் சிரிப்பார். நாலாவது மாதத்துக்குள் வேறு கம்பெனியில் இருப்பேன், இல்லாவிட்டால் வேறு ஊரில். ஊர் மாறுவது எனக்குப் பிடித்தும் இருந்தது. புது ஊரில் முதல் சில நாட்களுக்கு யாருக்கும் நம்மைத் தெரியாது. அது ஒரு சுகம்.

காடுவெட்டி தாண்டி ஒரு நிழற்குடையில் உட்கார்ந்தேன். பாரிவாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் மறுபடி நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேராக ஒரு அட்டை தொங்கியது. 'பெண் செக்யூரிட்டி தேவை.' படித்தேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வாரம் திருப்பூருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நசரத்பேட்டையில் ஒரு சிமெண்ட் ஷீட் வீட்டில் ஒரு அக்காவோடு தங்கியிருந்தேன். சொந்தமில்லை, பாதி வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர். ஐடி கம்பெனி ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை. நான் உள்ளே போனபோது ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி சொன்னாங்கோ இந்த தபா?"

"நார்மலாம்க்கா."

"நார்மலா? அப்போ போன வாரம் தலகாணியக் கடிச்சினு கெடந்தது யாரு, பக்கத்து ஊட்டுக்காரியா?"

நான் கவரை மூலையில் போட்டேன். அக்கா முகத்தைத் துடைத்தபடி கேட்டார்.

"கண்ணாலம் ஆச்சான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லன்னேன்."

"அதான் மேலாப்ல தடவி அனுப்சிட்டாங்கோ. உள்ளார வெச்சுப் பாக்கற ஸ்கேன் ஒண்ணு கீது. கண்ணாலம் ஆனவள்னு சொன்னாத்தான் பண்ணுவாங்கோ. எனக்குப் பண்ணாங்கோ."

பிறகு கீழே உட்கார்ந்து, காலில் சோப்பைத் தேய்த்து, மெட்டிகளைத் திருகத் தொடங்கினார். அவர் புருஷன் போய் ஒன்பது வருஷம். கம்பெனியில் ஆண்கள் ஒரு அடி தள்ளி நிற்பார்கள் என்பதற்காகத்தான் அதைப் போட்டிருந்தார். கழற்றிய இடத்தில் விரலைச் சுற்றி வெள்ளையாகத் தடம் இருந்தது.

"நாளைக்கு ஒரு நாளு நீ பொண்டாட்டியா இரு. புருஷன் எங்கன்னு கேட்டா வெளியூர்ல கீறாருன்னு சொல்லு. எல்லாப் புருஷனும் அங்கதான் கீறானுங்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் எனக்கு வலிக்கும், அதனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கீழே ஸ்கேன், மாடியில் பெண்கள் டாக்டர். சீட்டு எழுதிய பெண் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

அதை நாங்கள் யோசித்து வைக்கவில்லை. "மூணு" என்றேன்.

"குழந்தை?"

"இல்ல."

எழுதிக்கொண்டாள். இந்த முறை தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை, பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார்கள். அந்த ஸ்கேனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வலித்தது. பார்த்தவர் ஒரு பெண். கருவியை இடது பக்கம் திருப்பினார். நான் படுக்கையின் விளிம்பைப் பிடித்தேன். அவர் கையை அசைக்காமல் நிறுத்தினார்.

"இங்கதானே?"

"ஆமா."

பதினாலு வயதிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்கு முதல்முறையாக ஒரு ஆள் வந்து சேர்ந்திருந்தார். கூரையில் ஒரு ட்யூப்லைட் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மாடியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். அதற்கு முன்னால் சீட்டின் தலையில் இருந்ததைப் படித்தார். மூன்று வருஷம், குழந்தை இல்லை. பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. இடது சினைப்பையில் கட்டி இருக்கிறது, அதனால் கரு தங்குவது கஷ்டம், வயது ஏறிக்கொண்டிருக்கிறது, நாளைக் கடத்தக் கூடாது. "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்." எழுதத் தொடங்கினார். வலி என்கிற வார்த்தை அந்த அறையில் வரவே இல்லை.

நேற்று வரை கல்யாணம் ஆகாததால் பார்க்கவில்லை. இன்று கல்யாணம் ஆனதால் குழந்தையை மட்டும் பார்க்கிறார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். பல இடங்களிலிருந்து அப்படி எழுந்து போனவள்தான். ஆனால் நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

"மேடம், எனக்குக் கல்யாணம் ஆகல."

பேனா நின்றது. அவர் என் காலைப் பார்த்தார்.

"இது இரவல்."

"டாக்டர்கிட்ட யாராவது பொய் சொல்வாங்களா?"

"உண்மை சொன்ன மூணு இடத்துல வயித்து மேலயே பாத்துட்டு நார்மல்னுட்டாங்க மேடம்."

அவருக்குக் கோபம்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உறவு ஏதாவது இருந்திருக்கா?" என்று கேட்டார்.

"ஓசூர்ல ஒருத்தரோட ஒரு வருஷம் இருந்தேன். இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேக்கல. கல்யாணம் ஆச்சான்னுதான் கேட்டாங்க."

எழுதிய மாத்திரைகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். புதுத் தாள் எடுத்தார். எப்போது தொடங்கியது, எத்தனை நாள், மலம் போகும்போது வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே ரத்தம் கசிந்து, போக வழியில்லாமல் கட்டியாகியிருக்கிறது என்றார். பழைய ரத்தத்தின் நிறத்தை வைத்து அதை சாக்லேட் கட்டி என்பார்களாம். குடலோடு ஒட்டியிருப்பதால்தான் பஸ்ஸில் அப்படி இழுக்கிறது.

"இது புத்துநோயா மேடம்? எங்கம்மா வயிறு வீங்கிச் செத்தாங்க."

"அவங்களுக்கு என்ன இருந்தது?"

"தெரியாது."

அதையும் எழுதினார். எரிக்கப்பட்டுப் பல வருஷம் கழித்து அம்மாவின் வயிறு முதல்முறையாக ஒரு காகிதத்தில் ஏறியது.

"இப்போதைக்கு அப்படித் தெரியல. ஆனா இல்லவே இல்லன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. ரத்தம் குடுத்துட்டுப் போங்க. இந்த மாத்திரைய விடாம சாப்பிடணும். ஆறு மாசம் கழிச்சு இதே ஸ்கேன், இதே இடத்துல. வளர்ந்திருந்தா ஆபரேஷன். நடுவுல ஊர் மாறாதீங்க."

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு நசரத்பேட்டை வரை நடந்தே வந்தேன். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைத்திருந்தது. மீதிக்கு ஆறு மாதம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நான் எங்கேயும் அவ்வளவு நாள் வேலையில் இருந்ததில்லை.

அக்காவிடம் மெட்டியைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"கட்டி கீதுன்னு சொன்னதுக்கா இப்படி நிம்மதியா கீறே?" என்றார்.

"இருக்கறத இருக்குன்னு சொன்னாங்கல்லக்கா."

அவர் மெட்டியைப் பழைய தடத்தில் பொருத்தி அழுத்தினார்.

அடுத்த நாள் காலை பாரிவாக்கத்துக்குப் போனேன். அட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் ஒரு வயதானவர், ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"எத்தனை நாளைக்கு இருப்பே? போன பொண்ணு ஒரு வாரத்துல ஓடிப்போச்சு."

"ஆறு மாசம் கண்டிப்பா இருப்பேன் சார். ஆனா மாசத்துல நாலு நாள் என்னால நிக்க முடியாது. வயித்துல கட்டி. உக்கார ஏதாவது வேணும்."

இதற்கு முன் எந்த வேலையிலும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் முகத்தைச் சுளித்தார்.

"சேர் போட்டா மாடியிலேர்ந்து பாத்து கம்ப்ளெயிண்ட் பண்ணுவாங்கம்மா." கொஞ்சம் யோசித்தார். "கேட்டு ரூமுக்குப் பின்னால காலி பெயிண்ட் டப்பா கெடக்கு. அங்க உக்காந்தா மேல தெரியாது."

சரி என்றேன். முந்தின பெண்ணின் சட்டையைக் கொடுத்தார், தோளில் பெரிதாக இருந்தது. வீட்டு வேலை முடித்து வெளியே போகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் எனக்கு வேலை. பத்து மணிக்கு முதல் பெண் வந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே பையைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள்.